முப்பது ஆண்டில் மெராந்திக் காடு திரும்பி வருமா?

மலைநடை எழுதியது:

சென்ற வாரம் மேசை நாற்காலி வாங்குவதைப் பற்றிய உரையாடலில் மரப்பட்டறை ஐயா இப்படி எழுதினார்: "பெரிய மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டினால் காட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு கன்றுகூட நட வேண்டாம். 30 ஆண்டில் காடு தானே பழையபடி ஆகிவிடும்." அதைப் பலர் விரும்பி வரவேற்றிருக்கிறார்கள். மறுத்து ஒருவர்கூட எழுதவில்லை. அதனால்தான் தனி இழை தொடங்குகிறேன்.

நான் இங்கே சிங்கப்பூரில் புக்கிட் தீமா காட்டில் பதினோரு ஆண்டுகளாகத் தொண்டூழிய வழிகாட்டியாக மாணவர்களை அழைத்துச் செல்கிறேன். நடைபாதை ஓரத்தில் ஒரு செராயாக் கன்று இருக்கிறது. பலகைக்காக வெட்டும் மெராந்தி இனத்தைச் சேர்ந்தது, நம் ஊர்க் குங்கிலிய மரத்துக்கு உறவு. முதன்முதலில் அதைப் பார்த்தபோது என் முழங்கால் உயரம் இருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து இன்றும் ஒரு சாண்கூடக் கூடவில்லை. இலை உதிர்கிறது, ஓர் இலை துளிர்க்கிறது, அவ்வளவுதான். மேலே விதானம், அதாவது பெரிய மரத்தலைகளின் கூரை, மூடியிருப்பதால் வெளிச்சத்துக்காக அது காத்துக்கொண்டிருக்கிறது. அருகில் ஒரு பெரிய மரம் சாய்ந்தால் எழும்பும், இல்லாவிட்டால் அப்படியே நின்று ஒருநாள் காய்ந்துபோகும்.

இந்த மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. இரண்டு ஆண்டிலிருந்து பத்து ஆண்டு வரையான இடைவெளியில், பெரும்பாலும் எல் நினோ வறட்சியை ஒட்டி, காடு முழுவதும் ஒரே பருவத்தில் பூத்துக் காய்க்கின்றன. இறக்கை வைத்த அந்தக் காய் சுழன்று சுழன்று விழுவதைப் பார்ப்பவர்கள் அது வெகுதூரம் பறக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலானவை தாய்மரத்திலிருந்து சில பத்து மீட்டருக்குள் விழுந்துவிடுகின்றன. விழுந்த சில நாள்களில் முளைக்க வேண்டும், இல்லையேல் கெட்டுவிடும். நெல்லைப்போல் சேமித்து வைக்க முடியாது, மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கவும் தெரியாது. ஆகவே தாய்மரம் போய்விட்டால் தரையில் ஏற்கெனவே நிற்கும் நாற்று வங்கி ஒன்றுதான் அந்தக் காட்டின் கையிருப்பு. அதன்மேல் புல்டோசரை ஓட்டிவிட்டு 30 ஆண்டு என்று சொல்லுகிறவர் அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மரப்பட்டறை எழுதியது:

எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்டதற்கு நன்றி. மரத்தைத் தொட்டுப் பிழைத்தவனிடம் கேட்டிருக்கிறீர்கள், சொல்லுகிறேன்.

சுங்கை காடுட் மர ஆலையில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கட்டையின் வெட்டுமுகத்தைப் பார்த்தே கெருயிங், கப்பூர், செங்கால் என்று பிரித்துச் சொல்லுவேன். 1980களில் முதலாளி அனுப்பி மலேசியாவின் பஹாங்கில் ஒரு மலைக்காட்டு முகாமுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். சான் தை வோங் லாரிகள் சேற்றில் உறுமிக்கொண்டு கட்டையை இழுத்துவரும். ஒவ்வொரு கட்டையின் முனையிலும் வனத்துறையின் சுத்தியல் முத்திரை இருக்கும். எந்த மரத்தை வெட்டலாம், எதை விட வேண்டும் என்று வெட்டுவதற்கு முன்பே கணக்கெடுத்து அடையாளம் இட்டிருப்பார்கள்.

தீபகற்ப மலேசியாவில் 1978இலிருந்து நடைமுறையில் இருக்கும் தேர்வு மேலாண்மை முறையைத்தான் நான் சொன்னேன். மெராந்தி போன்ற குங்கிலியக் குடும்ப மரமானால் மார்பளவு உயரத்தில் 50 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்ததை வெட்டக்கூடாது, மற்றவையானால் 45. ஒரு ஹெக்டேருக்கு 30 முதல் 45 சென்டிமீட்டர் வரை விட்டமுள்ள நல்ல மரங்கள் 32 ஆவது நிற்க வேண்டும். அந்த மரங்கள்தான் அடுத்த வெட்டுக்கு வருபவை. அந்தச் சுற்று ஏறத்தாழ 30 ஆண்டு. இது என் கற்பனை எண் அன்று, ஒரு நாட்டின் வனத்துறை வைத்த எண்.

இன்னொன்றையும் கேளுங்கள். ஜப்பானியர் ஆட்சியில் மலாயாக் காடுகளைக் கண்மண் தெரியாமல் வெட்டினார்கள். போர் முடிந்து வனத்துறை அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது அந்த இடங்களில் மெராந்திக் கன்றுகள் கூட்டம் கூட்டமாக எழும்பி நின்றன. அவற்றை யாரும் நடவில்லை. வெளிச்சம் கிடைத்ததும் காடு தன் வேலையைத் தானே செய்தது. அதைப் பார்த்துத்தான் 1948இல் ஒரு முறையையே வகுத்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, அம்மா. மாணவர்களுக்கு நடைபாதை ஓரத்துக் கன்று ஒன்றைக் காட்டிவிட்டு ஒரு தீபகற்பத்துக் காட்டுக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பெலுக்கார் எழுதியது:

இரண்டு பேரும் வெளிநாட்டுக் காட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் தீவிலேயே விடை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தோல் பதனிட உதவும் கேம்பியரும் மிளகும் பயிரிட இங்கே காட்டை அழித்தார்கள். கேம்பியர் இலையைக் காய்ச்சும் அடுப்புக்கு விறகாக மீதிக் காட்டையும் வெட்டினார்கள். மண்ணின் சத்து தீர்ந்ததும் தோட்டத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார்கள். அப்படிக் கைவிட்ட நிலத்தில் முளைத்த தியூப் தியூப் மரக் காடு, நாங்கள் அடினாண்ட்ரா பெலுக்கார் என்று சொல்லுவது (பெலுக்கார் என்றால் மலாயில் அழித்த இடத்தில் மறுபடி முளைத்த காடு), கென்ட் ரிட்ஜில் இன்றும் இருக்கிறது. மெலிந்த மண், காம்பு போன்ற மரங்கள், கீழே ரேசாம் பெரணி. அங்கே குங்கிலியக் குடும்பத்து மரம் ஒன்று தானாக முளைத்து நிற்பதை நான் இதுவரை பார்த்ததில்லை. அதற்கு 30 ஆண்டு போதவில்லை, நூறு ஆண்டும் போதவில்லை. காடு தானே பழையபடி ஆகிவிடும் என்பவர்கள் முதலில் கென்ட் ரிட்ஜுக்கு வந்து பார்க்கட்டும்.

மரப்பட்டறை எழுதியது:

தம்பி, கேம்பியர்த் தோட்டத்துக்காக வேரோடு மொட்டையடித்த நிலத்தையும், ஹெக்டேருக்குச் சில மரங்களை மட்டும் எடுத்த காட்டையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். இழையின் தலைப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள். தேர்ந்து வெட்டிய காட்டில் மண் இருக்கிறது, நிழல் இருக்கிறது, நடுத்தர மரம் இருக்கிறது, கன்று இருக்கிறது. நான் சொன்ன 30 ஆண்டு அந்தக் காட்டுக்கு.

மலைநடை எழுதியது:

பெலுக்கார் சொன்னது வேறு வகை அழிவு என்பதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் மரப்பட்டறை ஐயா, உங்கள் எண்ணை நீங்களே அவிழ்த்துக் காட்டிவிட்டீர்கள். 30 ஆண்டு என்பது வெட்டுச் சுற்று. ரம்பம் திரும்பி வரும் ஆண்டு அது. காடு திரும்பி வரும் ஆண்டு என்று வனத்துறை எங்கேயும் சொல்லவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள்.

அந்தச் சுற்றாவது நிற்குமா என்று கணக்குப் போடுவோம். 30 சென்டிமீட்டர் மரம் 50 சென்டிமீட்டர் ஆக வேண்டும், அதாவது 20 சென்டிமீட்டர் பருக்க வேண்டும். மிச்சமிருக்கும் மரங்கள் ஆண்டுக்கு 0.8 முதல் 1 சென்டிமீட்டர் வரை பருக்கும் என்று அந்த முறையை வகுத்தவர்கள் எண்ணிக்கொண்டார்கள். அப்படியானால் 20 முதல் 25 ஆண்டு, சரி. அரை சென்டிமீட்டர்தான் பருத்தால்? 40 ஆண்டு. பக்கத்து மரம் விழுந்தபோது கிளை முறிந்த மரம், பட்டை உரிந்து பூஞ்சை ஏறிய மரம், தலையில் கொடி கவிந்த மரம் எல்லாம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் பருக்கும் என்று நீங்கள் எழுதித் தருவீர்களா?

1948ஆம் ஆண்டு முறையைப் பெருமையாகச் சொன்னீர்கள். அதன் சுற்று எத்தனை ஆண்டு என்று ஏன் சொல்லவில்லை? 70 ஆண்டு. அதே நாட்டின் அதே துறை, கன்றிலிருந்து மரம் வர 70 ஆண்டு வேண்டும் என்று கணக்கிட்டது. இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். அந்த முறையில் காடு 'தானே' எழும்பவில்லை. விலைபோகாத பெரிய மரங்களின் பட்டையை வளையமாகச் சீவி, சோடியம் ஆர்செனைட் நஞ்சைப் பூசி, நின்ற நிலையிலேயே கொன்றார்கள். மெராந்திக் கன்றுக்கு வெளிச்சம் கிடைக்க வேண்டும் என்பதற்காக அத்திமரங்கள் உட்பட எத்தனையோ மரங்கள் அப்படிச் செத்தன. வெட்டுவதற்கு முன் தரையில் கன்று போதுமான அளவு இருக்கிறதா என்று சிறு சிறு சதுரமாக எண்ணிப் பார்த்தார்கள், வெட்டிய பிறகும் போய் எண்ணினார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் போதும் என்று அவர்களே நம்பவில்லை.

பிறகு அந்தத் தாழ்நிலக் காடுகளில் பெரும்பகுதி ரப்பருக்கும் செம்பனைக்கும் போய்விட்டது. மலைச்சரிவில் கன்று அப்படிச் சீராக நிற்காததால் முறையை மாற்றினார்கள். 70 என்பது 30 ஆனது மரம் வேகமாக வளரக் கற்றுக்கொண்டதால் அன்று. கன்றிலிருந்து எண்ணுவதை விட்டுவிட்டு நடுத்தர மரத்திலிருந்து எண்ணத் தொடங்கியதால்தான். அந்த நடுத்தர மரத்தையும் இரண்டாம் சுற்றில் வெட்டிய பிறகு மூன்றாம் சுற்றுக்கு எது நிற்கும்? இதற்கு விடை சொல்லாமல் மறுபடியும் 30 என்று எழுத வேண்டாம்.

சொல்லேர் எழுதியது:

நான் மரம் அறிந்தவன் அல்லன், தமிழ் கற்பிப்பவன். மலைநடை அவர்கள் 'நாற்று வங்கி' என்று எழுதியிருக்கிறார். நாற்று என்பது பிடுங்கி வேறிடத்தில் நடுவதற்காக ஓர் இடத்தில் நெருக்கமாக விதைத்து வளர்ப்பது. காட்டில் தானாக முளைத்து அதே இடத்தில் நிற்பதை நாற்று என்று சொல்லலாகாது. தென்னைக்கும் மாவுக்கும் பிள்ளை, கன்று என்கிறோம். காட்டு மரத்துக்கும் கன்று என்பதே பொருந்தும். இழை முழுவதும் நடுவதா, தானாக வளர்வதா என்பதே கேள்வியாக இருக்கும்போது நட வேண்டியதற்குரிய சொல்லைத் தானாக முளைப்பதற்குக் கொடுப்பது பெரும் பிழை.

மற்றொன்று. 'பழையபடி' என்றால் மரத்தின் எண்ணிக்கையா, பருமனா, இன வகையா, விலையா என்று இருவரும் முதலில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பயன்படும்.

மலைநடை எழுதியது:

கன்று என்றே எழுதுகிறேன், ஐயா. ஆனால் கன்று என்றால் ஏற்கெனவே சற்றே வளர்ந்தது என்ற எண்ணமும் வருகிறது. நேற்று முளைத்து இரண்டு இலை விட்டதையும் முழங்கால் உயரத்தில் பத்து ஆண்டு நிற்பதையும் ஒரே சொல்லால் குறிக்க முடியாமல்தான் நாற்று என்றேன். முளைக்கு ஒரு சொல், காத்திருக்கும் கன்றுக்கு ஒரு சொல் வேண்டும். மரப்பட்டறை ஐயாவின் விடைக்குக் காத்திருக்கிறேன்.

சொல்லேர் எழுதியது:

முளைக்கு 'முளை' என்ற சொல்லே இருக்கிறது. இல்லாத குறையைத் தமிழின்மேல் ஏற்ற வேண்டாம்.

மரப்பட்டறை எழுதியது:

எனக்கு விடை சொல்ல நேரம் கொடுக்காமலேயே நான் ஓடிவிட்டதுபோல் எழுதுகிறீர்கள். நேற்று பேத்தியை மருத்துவரிடம் கூட்டிப் போயிருந்தேன்.

இது இன்று தொடங்கிய பகை அன்று என்பதை மற்றவர்களும் அறியட்டும். சென்ற ஆண்டு தூங்குமூஞ்சி மரத்தை இந்த மண்ணின் மரம் என்று நான் தவறாக எழுதினேன். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று திருத்தினீர்கள். ஏற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் மரத்தைப் பற்றி எதை எழுதினாலும் அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு வருகிறீர்கள், இல்லாவிட்டால் இப்படித் தனி இழை தொடங்குகிறீர்கள். ஒருவன் ஒருமுறை தவறினால் அவனுடைய 28 ஆண்டு அனுபவமும் பொய்யாகிவிடுமா?

இப்போது விடை. போர்னியோத் தீவில் மலேசியாவின் சபா மாநிலத்தில் உலு செகாமா பக்கம் இரண்டு முறை வெட்டிய காட்டைப் பறவையியலாளர்கள் போய் ஆராய்ந்தார்கள். வெட்டாத காட்டில் உள்ள பறவை இனங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அந்த இருமுறை வெட்டிய காட்டிலும் இருந்தன. இதை மரவணிகர் எழுதவில்லை, காட்டைக் காக்க நினைக்கிறவர்கள் எழுதினார்கள். 'வெட்டிய காடு செத்த காடு' என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தக் காட்டைச் செம்பனைத் தோட்டம் ஆக்கினார்கள் என்பதையும் அவர்களே எழுதினார்கள். நீங்கள் செய்வது அதுதான். வெட்டிய காட்டுக்கு மதிப்பில்லை என்று படித்தவர்களே சொன்னால் அதை முழுக்க அழிக்க நினைப்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

காடு பிழைக்கும் என்று நான் சொல்லுவது வெட்டுவதற்கு வழக்காடுவதற்காக அன்று. அதை விட்டுவைக்கச் சொல்லுவதற்காக. 30 ஆண்டு விட்டுவைத்தால் அது எழும்பும். நான் பஹாங்கில் பார்த்த, பழைய வெட்டுப்பாதை ஓரத்து இளம் மெராந்தி என் இரண்டு கைக்கும் அடங்காத பருமன் இருந்தது. அதை யாரும் நடவில்லை.

வால்பாறை மகன் எழுதியது:

வேலைக்காக ஜூரோங்கில் இருக்கிறேன், பிறந்தது ஆனைமலையில். எங்கள் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே சோலைத் துண்டுகள் மிச்சம் நிற்கின்றன. விறகுக்கும் பலகைக்கும் மரம் எடுத்த துண்டுகளை என் சிறுவயதிலிருந்து பார்க்கிறேன். மேலே வெளிச்சம் திறந்ததும் முதலில் உள்ளே வருவது உண்ணிச்செடிதான். அது முள்ளுப் போர்வைபோல் மூடிவிட்டால் வெள்ளைக் குங்கிலியத்தின் முளை அதற்கடியில் வெளுத்துப்போய் நிற்கும். 2000களின் தொடக்கத்திலிருந்து அங்கே ஆய்வாளர்கள் களையை எடுத்து, காட்டு மரங்களின் கன்றை நட்டு மீட்டு வருகிறார்கள். நடாமல் விட்ட துண்டும் நட்ட துண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வேறுபாடு சாலையிலிருந்தே தெரியும். ஆகவே 'ஒரு கன்றுகூட நட வேண்டாம்' என்ற வரியை மரப்பட்டறை அண்ணன் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். எண்ணைப் பற்றி அடம்பிடிப்பது, தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பதுபோல் இருக்கிறது.

பெலுக்கார் எழுதியது:

கென்ட் ரிட்ஜைக் கொண்டுவந்தால் தலைப்பைப் படி என்றார்கள். தேயிலைத் தோட்டத்து நடுத் துண்டைக் கொண்டுவந்தால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு பக்கமும் தோட்டம் சூழ்ந்த சில ஹெக்டேர்த் துண்டும், தேர்ந்து வெட்டிய பெருங்காடும் ஒன்றா? அங்கே விதை வர வேறு காடு வேண்டும், கொண்டுவர இருவாச்சி வேண்டும். ஊரைச் சொன்னால் மட்டும் உவமை பொருந்திவிடாது, அண்ணன்.

வால்பாறை மகன் எழுதியது:

வெள்ளைக் குங்கிலியத்தின் விதையை இருவாச்சி கொண்டுபோகாது, தம்பி. அது கனத்த விதை, மரத்தடியிலேயே விழும். இழையை நன்றாகப் படித்திருந்தால் முதல் பதிவிலேயே அந்தச் செய்தி இருக்கிறது.

பெலுக்கார் எழுதியது:

காடு என்றால் குங்கிலியம் மட்டுமா? அகில், சாதிக்காய் இனம், நாவல் இனம் என்று பறவையை நம்பியிருக்கும் மரங்கள் எத்தனை இருக்கின்றன? இந்த இழையில் எல்லாரும் மெராந்தியை விலைப்பட்டியலில் இருப்பதால்தான் காடு என்று எண்ணுகிறீர்கள்.

நெறியாளர் எழுதியது:

உறுப்பினர்கள் ஒருவர் மற்றவரின் ஊரையும் தொழிலையும் குறைத்துப் பேச வேண்டாம். தேர்வு வெட்டுக்குப் பிறகான மறுவளர்ச்சியைப் பற்றி மட்டும் எழுதுங்கள். தூங்குமூஞ்சி மரம் பற்றிய பழைய இழை பூட்டப்பட்டிருக்கிறது, அதை இங்கே திறக்க வேண்டாம்.

மலைநடை எழுதியது:

வெட்டிய காட்டுக்கு மதிப்பில்லை என்று நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. எழுதாததை எழுதியதாகச் சொல்லி அதற்கு மறுப்பு எழுதுவது நேர்மையாகாது, ஐயா. வெட்டிய காட்டைச் செம்பனைக்குக் கொடுக்கக்கூடாது என்பதில் நான் உங்களைவிட ஒரு படி மேலே நிற்பேன். பறவைகள் இருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் பறவை பறந்து வரும். மெராந்தி பறந்து வராது.

நீங்கள் பார்த்த வெட்டுப்பாதை ஓரத்து மரத்தைச் சொன்னீர்கள். ஓரத்தைச் சொன்னீர்கள், பாதையைச் சொல்லவில்லை. அந்தப் பாதைக்குள் என்ன நின்றது? ஜோகூரில் பழைய வெட்டுக்காடு ஒன்றில் நான் நடந்திருக்கிறேன். கட்டையை இழுத்த பாதை நெடுக மண் செங்கல்லைப்போல் இறுகியிருந்தது. குடை நுனியால் குத்திப் பார்த்தேன், விரற்கடை அளவுகூட இறங்கவில்லை. மழைநீர் வடியாமல் பழுப்பாகத் தேங்கி நின்றது. மேலே ரேசாம் பெரணி பின்னிக் கிடந்தது. ஓரத்தில் மகாங் மரங்கள், அந்த அகன்ற குடை இலையை உங்களுக்குத் தெரியும், வரிசைபிடித்து நின்றன. மகாங் விதை மண்ணில் காத்திருக்கும், மண்ணைக் கிளறி வெயில் பட்டதும் முளைக்கும், சில ஆண்டுகளில் வீட்டுயரம் வளரும். பச்சையாக இருக்கிறது என்று தூரத்திலிருந்து பார்ப்பவர் காடு வந்துவிட்டது என்பார். மென்மரம், சில பத்து ஆண்டுகளில் முதிர்ந்து விழுந்துவிடும். அதற்கு அடியில் மெராந்திக் கன்று ஏற்கெனவே நின்றிருந்தால் காடு தொடரும், நிற்காவிட்டால் அடுத்த மகாங்கோ கொடியோதான் அந்த இடத்தைப் பிடிக்கும். இதைப் பாதையின் ஓரத்தில் நின்று பார்த்தால் தெரியாது.

எண் வேண்டும் என்பவர்களுக்கு எண்ணும் தருகிறேன். சபாவில் 1980களில் வெட்டிய காட்டில் ஒரு பகுதியைத் தானாக வளர விட்டார்கள். இன்னொரு பகுதியில் கொடியை வெட்டி, குங்கிலியக் குடும்பக் கன்றுகளை நட்டுப் பராமரித்தார்கள். 2020இல் அந்த முடிவு வெளியானது. தானாக வளர்ந்த இடத்தில் மரங்களில் சேர்ந்திருக்கும் கரிமம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2.9 டன் கூடியது, நட்டுப் பராமரித்த இடத்தில் 4.4 டன். வெட்டுவதற்கு முன்பிருந்த அளவு கரிமத்தை எட்டத் தானாக வளரும் காட்டுக்கு ஏறத்தாழ 60 ஆண்டு, பராமரித்த காட்டுக்கு 40. கரிமத்துக்கே 60. 30 எங்கே இருக்கிறது என்று இந்தக் கணக்கில் காட்டுங்கள்.

அதோடு அந்த 30 ஆண்டுக்குள் ஒன்றும் நடக்காது என்று யார் உறுதி கொடுத்தது? 1982, 1983இல் இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் 35 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு எரிந்தது. அதில் வெட்டாத காட்டைவிட வெட்டிய காடு மிகக் கடுமையாக எரிந்தது. கிளையும் தூளும் தரையில் காய்ந்து கிடந்தன, விதானம் திறந்திருந்ததால் ஈரம் போயிருந்தது. 1997இல் புகைமூட்டத்தில் நாம் முகத்தைப் பொத்திக்கொண்டு வேலைக்குப் போனதை மறந்துவிட்டீர்களா? வெட்டிய காடு பிழைக்கிறது, ஆனால் நோயிலிருந்து எழுந்தவரைப்போல் பிழைக்கிறது. அவரைத் தனியே விட்டுவிட்டு 30 நாளில் ஓடுவார் என்று சொல்லுவது அக்கறை ஆகாது.

மரப்பட்டறை எழுதியது:

நீங்கள் காட்டிய ஆய்விலேயே தானாக வளர்ந்த காட்டில் ஆண்டுக்கு 2.9 டன் கூடியிருக்கிறது. ஒன்றும் நடாத இடத்தில்! காடு தானே எழும்புகிறது என்று நான் சொன்னது வேறென்ன? நட்ட இடத்தில் கூடுதலாக வளர்ந்தது என்பதால் நடாத இடத்தில் வளரவில்லை என்று ஆகுமா?

60 ஆண்டு என்பது கண்டபடி வெட்டிய காட்டுக்கு. 1980களில் சபாவில் புல்டோசரை மேலும் கீழும் ஓட்டி, ஹெக்டேருக்கு எட்டு, பத்து மரங்களுக்கு மேல் எடுத்தார்கள். எடுத்த ஒரு மரத்துக்குப் பல மரம் நொறுங்கியது. அதை நான் தேர்வு வெட்டு என்று சொல்லவே மாட்டேன். வெட்டுவதற்கு ஓராண்டு முன்பே மரத்தையும் மரத்தையும் பின்னும் கொடியை அறுத்துவைத்து, எந்தத் திசையில் விழ வேண்டும் என்று குறித்து, பாதையை முன்கூட்டியே வரைந்து, சரிவில் வடத்தால் தூக்கி எடுத்தால் சேதம் பாதியாகக் குறையும். அப்படி வெட்டிய காட்டுக்குத்தான் 30 ஆண்டு. அப்படி வெட்டு என்று ஆலையில் சண்டை போட்டுப் பதவி உயர்வை இழந்தவன் நான். அதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை. காட்டை அழிப்பவன் என்ற பெயரைச் சுமத்துகிறீர்கள் என்பதால் சொல்லுகிறேன்.

என் எண்ணைத் திரும்பப் பெற மாட்டேன். வால்பாறைத் தம்பிக்கும் அதுவே விடை.

சொல்லேர் எழுதியது:

'பழையபடி' என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் விடை எழுதவில்லை.

வால்பாறை மகன் எழுதியது:

நான் எண்ணைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை, அண்ணன். 'ஒரு கன்றுகூட' என்பதைத்தான் கேட்டேன். அதை இன்னும் தொடவில்லை.

மலைநடை எழுதியது:

முதலில் 'பெரிய மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டினால்' என்று இருந்தது. இப்போது கொடி அறுத்து, திசை குறித்து, வடத்தால் தூக்கினால் என்று ஆகியிருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் புதிய நிபந்தனை சேர்கிறது, எண் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆலையில் சண்டை போட்டதற்கு உங்களை மதிக்கிறேன், அதை மனமாரச் சொல்லுகிறேன். ஆனால் நீங்கள் சொல்லும்படி வெட்டினாலும் 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மரங்கள்தான் போகின்றன. இந்தக் குடும்பத்து மரங்களில் பெரும்பாலானவை விதானத்தை எட்டிய பிறகே பூக்கின்றன. ஆகவே காய்க்கும் மரத்தை எடுத்துவிட்டு, இன்னும் காய்க்காத மரத்தை விட்டுவைக்கிறீர்கள். அது வளர்ந்து பூக்க வேண்டும், அது பூக்கும் ஆண்டும் காடு முழுதும் பூக்கும் ஆண்டும் ஒன்றாக வர வேண்டும், விழுந்த காயைக் காட்டுப்பன்றி தின்றது போக மிஞ்ச வேண்டும், மிஞ்சியது முளைத்துக் காத்திருக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவின் பாசோ காட்டைச் சுற்றிச் செம்பனை வந்ததும் பன்றி பெருகிக் கன்றுகளை ஒடித்துக் கூடுகட்டுவதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இவை அனைத்தும் 30 ஆண்டுக்குள் முடிந்து, கன்று மரமாகவும் ஆகிவிடுமா?

மூன்றாம் சுற்றுக்கு எது நிற்கும் என்று கேட்டேன். அதற்கு விடை வரவில்லை.

மரப்பட்டறை எழுதியது:

நிற்கும். கன்று நிற்கும். சரியாக வெட்டினால் நிற்கும். 30 ஆண்டு.

பெலுக்கார் எழுதியது:

கென்ட் ரிட்ஜில் நிற்கவில்லை.

மலைநடை எழுதியது:

இந்தச் சனிக்கிழமை காலை புக்கிட் தீமாவில் எனக்கு ஒரு பள்ளிக் குழு இருக்கிறது. அந்தச் செராயாக் கன்றை மறுபடியும் அளந்து, உயரத்தை இங்கே எழுதுகிறேன்.